தலைகீழாய் நின்ற அலிபு

ஒரு மனிதனைத் தாளில் தலைகீழாகக் கீறினால் அது உருவத்தில் சேராது என்று நான் நம்பினேன்.

சிரியுங்கள். எனக்கே சிரிப்பு வருகிறது. முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா, கல்முனையில் நீர்ப்பாசனக் கந்தோரொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தன், வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டமும் எடுத்தவன்... இவ்வளவு இருந்தும் இப்படியொரு நம்பிக்கை! அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. மாதக் கணக்கில்.

அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனிதரை வெயிலில் நிறுத்தி, அவருக்குத் தெரியாமல் அவரைக் கீறினேன். கீறியதைக் கொண்டு மேற்பட்டம் வாங்கினேன். பிறகு அவருடைய பெயரைக் கெடுத்தேன்.

முதல் இரண்டுக்கும் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்கவே மாட்டேன்! மூன்றாவது ஒன்று இருக்கிறதே... அதற்காகத்தான் இந்த எழுத்து.

சூறாவளி எங்கள் கரையைத் துடைத்துக்கொண்டு போன அடுத்த வருடம், நுண்கலையில் முதுமாணிப் படிப்புக்கு எழுதிப் போட்டேன். எடுபடாது என்று நினைத்துத்தான் போட்டேன். எடுபட்டுவிட்டது! கண்டியில் சனி, ஞாயிறு வகுப்பு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு பஸ் ஏறினால், திங்கட்கிழமை கந்தோருக்குக் கண் சிவக்க வந்து சேரலாம். வந்து சேர்ந்ததும் மதகு, அணைக்கட்டு, வாய்க்கால், சீமெந்துக் கணக்கு. ஊரார் வாயில் என் பதவிக்குப் பெயர் ‘ஓவசியர்’. அந்த ஓவசியரின் பைக்குள் கரிக்கோல் கட்டு இருப்பது என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஏன் மறைத்தேன் என்கிறீர்களா? எங்கள் ஊரில் மரம் கீறலாம். கடலைக் கீறலாம். வள்ளம் கீறலாம். மனிதனைக் கீறக்கூடாது. கீறியவனிடம் மறுமையில் ‘நீ ஆக்கியதற்கு உயிர் கொடு பார்ப்போம்’ என்று கேட்கப்படும் என்று ஓதப்பள்ளியில் படித்தவன் நான்.

ஆகவே, ‘கந்தோர் விசயமாக ஒரு கோர்ஸ்’ என்று சொல்லி வைத்தேன். ஊர் நம்புமா? ஒரு நாள் என் மனைவி ஜெமீலா மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“இஞ்ச பாருங்க, உங்களுக்குக் கண்டியில ஒருத்தி இரிக்கியாம். சந்தைக்குள்ள கதைக்காங்க.”

“நீ என்ன சென்ன?”

“என்னத்தச் செல்ற? பொம்புள எண்டா நாலு பேர வெச்சுப் பேசித் தீக்கலாம். மனிசன் படம் கீறப் போறாரு எண்டு எந்த முகத்தோட செல்ற? பொம்புள எண்டே இரிக்கட்டும் எண்டு வந்துட்டன்.”

பார்த்தீர்களா என் மானத்தின் விலையை! கண்டியில் இல்லாத அந்தப் பெண்ணுக்கு நான் இன்றுவரை நன்றிக்கடன் பட்டவன்.

இரண்டாம் வருடத்தில் வந்தது வினை. இறுதி மதிப்பீட்டுக்கு உழைக்கும் மனித உடலை நேரில் பார்த்து, ஒரே ஆளைத் தொடர்ந்து கீறிக் கொடுக்க வேண்டும். நான் அதுவரை கொண்டுபோனதெல்லாம் தென்னை, வள்ளம், வலை, கதிரை. எங்கள் விரிவுரையாளர் அம்மையார் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: உன்னுடைய ஊரில் மனிதர்கள் வசிப்பதில்லையா?

வசிக்கிறார்கள் அம்மா... நெருக்கியடித்துக்கொண்டு வசிக்கிறார்கள். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? வழியில் மூத்தவர் ஒருவரை மறித்து, ‘காக்கா, ஒரு மணித்தியாலம் ஆடாமல் நில்லுங்கள், உங்களை வைத்து ஒரு ஹறாம் செய்யப் போகிறேன்’ என்றா?

அந்த நாட்களில்தான் நாவிதன்வெளிப் பக்கம் சூறாவளியில் தூர்ந்த ஒரு வாய்க்காலைத் திருத்தும் வேலை என் கையில் வந்தது.

வேலை இதுதான். வாய்க்கால் போகும் வழி நெடுக நூறு அடிக்கு ஒரு முளை அடிப்போம். முக்காலியில் மட்டம் பார்க்கும் கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு நான் ஓரிடத்தில் நிற்பேன். ஒருவர் அளவு எழுதிய நீண்ட கம்பை முளைக்கு முளை நிமிர்த்திப் பிடிப்பார். கண்ணாடிக்குள்ளால் பார்த்து, கம்பில் எந்த அளவு தெரிகிறதோ அதைப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதிலிருந்துதான் எந்த முளையில் எத்தனை அடி வெட்டுவது என்று கணக்குப் பிறக்கும். கம்பு சரிந்தால் அளவு பொய்யாகும். அளவு பொய்யானால் தண்ணீர் வராது. அவ்வளவு எளிய வேலை.

எங்கள் கண்ணாடி பழைய காலத்துக் கண்ணாடி. அதற்குள் உலகம் தலைகீழாகத் தெரியும். வானம் கீழே, வயல் மேலே. நடுவில் கம்பைப் பிடித்தபடி ஒரு மனிதர் தலைகீழாகத் தொங்குவார்.

அந்த மனிதர்தான் ஆதம்பாவா காக்கா. சாய்ந்தமருதுக்காரர். வயது ஐம்பதுக்கு மேல். நாட்கூலி. கம்பு பிடிப்பதில் அவரைப் போல் ஒருவரை நான் கண்டதில்லை. குதிகாலை ஊன்றி, மூக்குக்கு நேரே கம்பைக் கொண்டுவந்து, மூச்சைக்கூட அளந்து விடுவார். ‘அலிபு மாதிரி நிக்கணும் தம்பி’ என்பார். அறபு எழுத்தில் முதலாவது அலிபு. ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். அவர் சேவைக்காலம் முழுவதும் அந்த ஒரு எழுத்தாகவே நின்றவர்.

ஒரு நாள் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலில் சேறு, இடுப்பில் மடித்துக் கட்டிய சாரன், கழுத்து நரம்பு, கம்பைப் பிடித்த இரண்டு கை... எல்லாம் தலைகீழாக, ஆடாமல் அசையாமல்! எனக்கு மயிர் சிலிர்த்தது. பல்கலைக்கழகம் தேடச் சொன்ன மனிதன் சம்பளத்தோடு என் முன்னால் நிற்கிறான்!

உடனே பயம் பிடித்தது. உடனே சாக்கும் கிடைத்தது. தலை கீழே, கால் மேலே இருப்பது மனித உருவமா? அல்லாஹ் அப்படி ஒருவரையும் படைக்கவில்லையே! ஆகவே இது உருவமல்ல. மட்டக் கண்ணாடியின் கோளாறு. நான் கோளாறைத்தான் கீறுகிறேன்... இந்தச் சட்டத்தை எனக்கு நானே எழுதி, நானே ஒப்பமிட்டேன்.

வலக்கண் கண்ணாடியில். வலக்கை மட்டப் புத்தகத்தின் பின்பக்க வெற்றுத் தாள்களில். முழு ஆளும் கண்ணாடிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அவரை முந்நூறு அடி தள்ளி நிறுத்தினேன். மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் முடிக்கும் முளைக்கு எனக்கு அரை மணித்தியாலம்.

“தம்பீ! முடிஞ்சா?” என்று அங்கிருந்து கூப்பிடுவார்.

“ஒள்ளுப்பம் பொறுங்க காக்கா! காத்து ஆட்டுது!”

“காலில அட்ட ஏறுது தம்பீ!”

“அலிபு காக்கா, அலிபு! அசையாதீங்க!”

அட்டை ஏறும். அவர் அசைய மாட்டார். நான் அட்டையையும் சேர்த்துக் கீறுவேன்.

தேநீர் நேரத்தில் மண்வெட்டி ஆட்களிடம் என்னைப் பற்றிச் சொல்வார்: “மத்த ஓவசியர்மார் ஓடி ஓடிப் பாப்பாங்க. இந்தத் தம்பி ஒரு முளைக்கு அர மணித்தியாலம். வேல எண்டா அதுதான் வேல!”

நான் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த அரை மணித்தியாலத்தில் நான் எதை வாசிக்க வேண்டுமோ அதை வாசிக்கவில்லை! வாய்க்காலின் கடைசிப் பதினொரு முளைகளில் கம்பின் அளவை நான் பார்க்கவேயில்லை. பொழுது சரிந்துவிடும், கை வலிக்கும், மனம் நிறைந்திருக்கும். முந்திய முளையின் அளவைப் பார்த்து, நிலம் இப்படித்தானே இறங்கும் என்று ஊகித்து, அழகாக ஒரு எண்ணை எழுதிக்கொள்வேன். தட்டை வயல்வெளி... அதில் என்ன மேடு வந்துவிடப் போகிறது?

கண்டியில் அம்மையார் முதல் படங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இவன் மனிதனா, தந்திக் கம்பமா? ஒரு பக்கம் பாரம் இறங்க வேண்டாமா? களைப்பு எங்கே?

எனக்கு வெளிச்சம் கிடைத்தது. அடுத்த வாரத்திலிருந்து கம்பைக் கொஞ்சம் சரித்துக் கீறினேன். கம்போடு சேர்ந்து தோளும் சரிந்தது, இடுப்பு ஒடிந்தது, தாளில் ஒரு முழு ஆயுளின் அலுப்பு வந்து உட்கார்ந்துவிட்டது! அவரோ அங்கே நேராகத்தான் நின்றார். சரிவு என்னுடையது. படத்துக்கு வேண்டியிருந்தது, சரித்தேன். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்: அந்தப் படங்கள் நல்ல படங்கள். அதில் சந்தேகமேயில்லை.

வாய்க்கால் வெட்டி முடிந்தது. மதகு திறந்தார்கள். தண்ணீர் அழகாக ஓடிவந்து, கடைசிப் பதினொரு முளை தொடங்கும் இடத்தில் நின்று, யோசித்து, பக்கத்து வடிச்சல் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது.

நாலு அங்குலம். அந்த இடத்தில் நிலம் நாலே நாலு அங்குலம் மேடு. கலையில் நாலங்குலம் ஒரு பொருட்டல்ல. தண்ணீருக்கு அது மலை!

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வயற்காரர்களுக்காகத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் கந்தோருக்குள் வந்து நின்றார். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். சிரித்துக்கொண்டு வந்தார்.

“ஓவசியர், உங்கட வாய்க்கால் நல்ல வடிவு. தண்ணிதான் ஏறுதில்ல. நாங்க வாளியால அள்ளி ஊத்தவா, நீங்க ஓதிப் பாக்கீங்களா?”

எங்கள் எஞ்சினியர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஒரே ஒரு வசனம் சொன்னார்: “ஜும்ஆ முடிஞ்ச உடனே மட்டப் புத்தகத்தக் கொண்டு வாங்க.”

மட்டப் புத்தகம்! முன்பக்கம் அளவுகள். பின்பக்கம்... நாற்பத்து மூன்று ஆதம்பாவா காக்கா!

இனி என் வீரத்தைக் கேளுங்கள். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, பின்பக்கத் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தேன். எரிக்கலாம் என்றால் புகை வரும். கிணற்றில் போடலாம் என்றால் மிதக்கும். அதைவிட, மனம் வரவில்லை! அல்லாஹ்வுக்குப் பயம், எஞ்சினியருக்குப் பயம், ஆனால் படத்தைக் கிழித்தெறிய மனம் இல்லை. சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்து, ஜும்ஆவுக்கென்று கொண்டுவந்திருந்த சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன்.

ஆம். வயிற்றில் நாற்பத்து மூன்று உருவங்களோடு ஜும்ஆவுக்குப் போன ஒரே மனிதன் நான்தான். குனிந்தால் சரசரக்கிறது. ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்தால் மொறுமொறுக்கிறது. இமாம் ‘சப்பை நேராக்குங்கள்’ என்று வரிசையைச் சரிபார்க்கச் சொன்னபோது பக்கத்தில் ஒருவர் வந்து தோளோடு தோள் ஒட்டி நின்றார். திரும்பிப் பார்க்கிறேன்... ஆதம்பாவா காக்கா! அலிபாக நிற்கிறார். நான்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்து நிற்கிறேன்.

“வயித்துக் குத்தா தம்பி?” என்று தொழுகை முடிந்ததும் கேட்டார். “கறுவாத் தண்ணி குடிங்க. குடிச்ச கையோட சுகம் வரும்.”

கந்தோருக்குத் திரும்பிப் புத்தகத்தைக் கொடுத்தேன். எஞ்சினியர் அளவுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். கடைசிப் பதினொன்றில் விரல் நின்றது.

“இந்த இடத்தில நிலம் தாழ்வு எண்டு காட்டுது. உண்மையில மேடு. எப்பிடி?”

நான் சட்டைக்கு மேலால் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

“கம்பு பிடிச்ச ஆள் சரிச்சுப் பிடிச்சிருப்பாரோ? சரிஞ்சா இப்பிடித்தான் அளவு கூடும், நிலம் தாழ்வாத் தெரியும்.”

அந்த நேரம் என் வயிற்றுக்குள் இருந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் கம்பு சரிந்துதான் இருந்தது... அதை நினைத்தேனா? தெரியாது. வேலை போனால் படிப்பும் போகும், இன்னும் நாலு மாதம்தான் மிச்சம் என்று நினைத்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“இருக்கலாம், சேர்,” என்றேன்.

இரண்டே சொல். நாலங்குலம்கூட இராது.

அடுத்த கிழமை ஆதம்பாவா காக்காவைக் கம்பு பிடிக்கும் வேலையிலிருந்து எடுத்துக் குளக்கட்டில் புல் வெட்டப் போட்டார்கள். சம்பளம் குறையவில்லை. அதைச் சொல்லி என்னை நானே எத்தனை தடவை தேற்றினேன்! ஆனால் எங்கள் ஊருக்குப் பட்டப்பெயர் வைக்க ஒரு பொழுது போதும். ‘சரிஞ்ச கம்பர்’ என்று வைத்துவிட்டார்கள். சந்தையில் சரிஞ்ச கம்பர். பள்ளிவாசல் வாசலில் சரிஞ்ச கம்பர். மகளுக்கு மாப்பிள்ளை பேசி வந்த வீட்டாரும் ‘ஆரு, சரிஞ்ச கம்பர்ர மகளா?’ என்றுதான் விசாரித்தார்களாம். ஆயுள் முழுக்க அலிபாக நின்ற மனிதருக்கு!

ஒரு தடவை குளக்கட்டில் என்னை மறித்துக் கேட்டார்: “தம்பி, செல்லுங்க... நான் சரிச்சா பிடிச்சன்?”

நான் பகிடிக்காரன் அல்லவா? என் வாயில் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். “காக்கா, பூமியே சரிஞ்சுதானே சுத்துது!” என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.

வாய்க்காலை மறு போகத்தில் திருத்தினார்கள். எனக்கு முதுமாணிப் பட்டம் கிடைத்தது. சரிந்த மனிதனின் படங்களைக் கண்டியில் சுவரில் மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லாம் கழுத்தை ஒடித்து ஒடித்துப் பார்த்தார்கள். தலைகீழாகக் கீறியது பெரிய துணிச்சல் என்று பாராட்டினார்கள். துணிச்சலாம்! பயத்தில் செய்ததற்கு இப்படியொரு பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பட்டம் வந்த பிறகு ஒரு நாள், மாலை அஸர் தொழுகைக்குப் பின், நல்ல படமாக ஒன்றை எடுத்துச் சுருட்டிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துப் போனேன். நம்புங்கள். வழி நெடுக வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

முற்றத்தில் கதிரை போட்டு உட்கார வைத்தார். படத்தை நீட்டினேன். தலைகீழாகப் பார்த்தார், திருப்பி நேராக்கினார்.

“அஸ்தஃபிருல்லாஹ்... உருவமா கீறிரிக்கீங்க?”

“ஓம் காக்கா.”

“ஆரு இது?”

“நீங்கதான்.”

ஏசுவார் என்று காத்திருந்தேன். பள்ளிவாசல் நிருவாகத்துக்குச் சொல்வேன் என்பார், எறிவார், கிழிப்பார்... எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவர் தன் முகத்தைப் பார்க்கவேயில்லை. கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் அதன் ஓரத்தைத் தடவினார்.

“சரிஞ்சுதான் இரிக்கி,” என்றார்.

“காக்கா...”

“கண்ணாடிக்குள்ளால பாத்துக் கீறினதா தம்பி?”

“ஓம்.”

“அப்ப சரி. கண்ணாடி பொய் செல்லாது.” படத்தைச் சுருட்டி என் கையில் தந்தார். “இவ்வளவு நாளும் என்ட மனசுக்குள்ள ஓவசியர் தம்பியில ஒரு கோவம் இருந்த. நான் சரிக்கல்ல, இந்த மனிசன்தான் என்னமோ பிழ விட்டுட்டாரு எண்டு. என்ன மன்னிச்சிருங்க மனே.”

மன்னிப்பு... அவர் என்னிடம் கேட்டார்!

நான் பாடமாக்கிய வசனத்தையும் அந்தப் படத்தோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு இதை எழுதுகிறாயே, அவரிடம் போய் வாசித்துக் காட்டக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறார், பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைகளில் காண்கிறேன். அறபு ஓதுவார். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் இதைத் தமிழில் அச்சுக்குக் கொடுப்பதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்த அளவுக்குத்தான் என் வீரம்!

கீறுவதை நான் விடவில்லை. விடவும் மாட்டேன். மறுமையில் அந்த நாற்பத்து மூன்றுக்கும் உயிர் கொடு என்று கேட்டால், என்னால் முடியாது றப்பே, நான் வெறும் ஓவசியர் என்று சொல்லித் தலைகுனிந்து நிற்பேன். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் இருக்கிறது.

ஆனால் அந்த நாற்பத்து மூன்று பேரும் உயிர் பெற்று எழுந்து, வரிசையாக நின்று, ‘தம்பி, நான் சரிச்சா பிடிச்சன்?’ என்று கேட்டால்...

இல்லை காக்கா. பதினொரு முளையிலும் கம்பு நேராகத்தான் நின்றது. நான் அதை வாசிக்கவில்லை.